கச்சானும் வாடையும்

பெரிய நகரங்களைப் பார்த்துத் திரும்பியவர்கள் தாம் கண்டவற்றைச் சொல்லக் கேட்டால், கட்டடங்களின் உயரமும் கடைகளின் எண்ணிக்கையுமே அவர்கள் பேச்சில் மிஞ்சி நிற்கும். சிற்றூர் ஒன்றுக்குப் போய் வந்தவரோ வேறு விதமாகப் பேசுவார். அங்கே என்ன விளைகிறது, எந்த மாதத்தில் விளைகிறது, அதைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் என்ன சமைக்கிறார்கள் என்பவற்றையே அவர் எடுத்துரைப்பார். ஓர் ஊரைப் பார்ப்பதென்பது அதன் விளைச்சலைப் பார்ப்பதே என்னும் உண்மையைச் சிற்றூர்களே நமக்கு நன்கு கற்பிக்கின்றன.

இவ்வுண்மையை உணர்ந்து, அதனால் வாழ்வும் பெற்ற சிற்றூர் ஒன்று பிரான்ஸ் தேசத்தில் உண்டு. அத்தேசத்தின் தென்மேற்கே, போர்தோ நகரத்துக்கு அணித்தாக உள்ள சென் எமிலியோன் என்னும் ஊரே அது. சுண்ணாம்புக் கற்குன்றின்மேல் அமைந்த அவ்வூரின் சனத்தொகை இரண்டாயிரத்தையும் எட்டாது. எட்டாம் நூற்றாண்டில் அங்கே ஒரு குகையில் வாழ்ந்த துறவியின் பெயரே ஊருக்கு வாய்த்தது என்பர். பாறையைக் குடைந்து அமைத்த பெரிய தேவாலயம் ஒன்று அங்கு உண்டு. ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ என்னும் திருத்தலத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர் அவ்வழியே சென்றமையால் ஊர் மேலும் சிறந்தது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். உரோமர் காலந்தொட்டு அங்கே கொடி வளர்க்கிறார்கள். 1999-ம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் அவ்வூரை உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்றபோது, கோயிலையும் மதிலையும் மட்டும் எடுத்துக்கொள்ளாமல், சூழவுள்ள தோட்டங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

அங்கே புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் பழம் பறிப்பார்கள். அப்போது வரும் விருந்தாளிகள் பழக்கூடையையும் காண்பர். பறிப்பவர் கையையும் காண்பர். உள்ளூர்ச் சாப்பாட்டையே உண்டு, உள்ளூர் விளைபொருளையே வாங்கிச் செல்வர். பிரயாணி கொண்டுவந்த பணத்தில் ஒரு பங்கு அம்மண்ணுக்கே எருவாகிறது.

திராட்சை மது நம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு விலக்கப்பட்ட பொருள். பிற குடும்பங்களிலும் அதனை மெச்சிப் பேசுவார் குறைவு. ஆகவே மதுவை அங்கேயே விட்டுவிட்டு, மண்ணுக்கும் விருந்தாளிக்கும் அவ்வூரார் ஏற்படுத்திக்கொண்ட உறவை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். எடுத்துக்கொண்டு, நமது அம்பாறைக் கரையோரமாகத் தெற்கு நோக்கிப் போவோம்.

கல்முனையில் பஸ் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். விபுலானந்த அடிகள் 1892-ல் பிறந்த காரைதீவை மாணவர்கள் மறவாமல் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிவாசல் மினாராவும் கோயிற் கோபுரமும் மாறி மாறித் தென்படுவது இவ்வழியின் தனிச் சிறப்பு. அக்கரைப்பற்றைக் கடந்து, தம்பிலுவிலும் திருக்கோவிலும் பின்னே போனதும் வீடுகள் அருகுகின்றன. ஒருபுறம் களப்பும் கடலும், மறுபுறம் வயலும் பற்றைக் காடும். கோமாரியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் பொத்துவில் வந்துவிடும். கல்முனையிலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக மலைகளைச் சுற்றி வரும் நெடுஞ்சாலை, முதன்முதலாகக் கிழக்குக் கடலின் காற்றை முகர்வதும் இங்கேதான்.

பொத்துவில் பெரிய ஊரன்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையினர், தமிழரும், சிறு தொகையினராகச் சிங்களவரும் உடன் வாழ்கின்றனர். ஒரு சந்தை, சில பள்ளிக்கூடங்கள், பலசரக்குக் கடைகள், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் என்ற அளவில் அடங்கும் ஊர் அது. அறுகம்பேக்குச் செல்வோர் பலரும் இவ்வூரைக் கடந்தே செல்கின்றனர். ஆனால் இறங்கிப் பார்ப்பவர் சிலரே. தெற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றரில் களப்பின்மேல் ஒரு பாலம். பாலத்துக்கு அப்பால் உலகமெல்லாம் பேர்போன அறுகம்பே. ஊரார் வாயில் அது இன்னும் உல்லைதான்.

இந்த ஊரையும் அந்தக் குடாவையும் விளங்கிக்கொள்ள விரும்புவோர் முதலில் இரண்டு காற்றுகளை அறிதல் வேண்டும். ஒன்று கச்சான், மற்றது வாடை.

வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று நம் தீவின்மேல் வீசுகிறது. தான் சுமந்து வந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது வெறுங்கையோடு வருகிறது. அந்த வறண்ட, சுடுகின்ற காற்றே நமது கச்சான். அது வீசும் மாதங்களில் பொத்துவில் வயல்கள் பலவும் வெடித்துக் கிடக்கும். மாடுகள் நிழல் தேடும். கிணற்று நீர் தாழும். உழவன் வானத்தைப் பார்த்திருப்பான்.

அதே மாதங்களில்தான் உல்லையில் திருவிழா. நமக்கு நெடுந்தொலைவிலுள்ள தென்சமுத்திரத்தில் எழும் பெரும்புயல்கள், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அலைகளை அனுப்புகின்றன. அவை அறுகம்பே முனையில் வந்து மோதி, முனையைச் சுற்றி வளைந்து, கரையோரமாக ஒரே சீராக நீண்டு உடைகின்றன. அவ்வேளை தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் கச்சான் காற்று அலையின் முகத்தைத் தடவி வழவழப்பாக்கிவிடுகிறது. எனவே சித்திரை முதல் ஐப்பசி வரை, பலகையின்மேல் நின்று அலைச்சறுக்குவதற்கு ஆசியாவிலேயே பெயர் பெற்ற இடங்களுள் ஒன்றாக இக்குடா விளங்குகிறது. 1970-களிலிருந்து அந்நிய தேசத்து இளைஞர் இதனைத் தேடி வரலாயினர். கச்சான் என்றால் நம் நாட்டில் நிலக்கடலை என்றும் பொருளுண்டு அல்லவா? அறுகம்பேக்குத் தெற்கே அவர்கள் கூடும் துறை ஒன்றுக்குக் கச்சான் தோட்டம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்குவதைக் கேட்டால், காற்றே சிலேடை பேசுகிறதோ என்று எண்ணத் தோன்றும்.

கச்சான் காலத்துக்கு வேறு விருந்தாளிகளும் உண்டு. பொத்துவிலுக்கு மேற்கே லகுகலைக் குளத்தில் நீர் வற்ற வற்ற, அதில் வளரும் பேரு என்னும் புல்லை மேய யானைக் கூட்டங்கள் வந்து சேரும். 1980-ல் தேசிய வனமாக்கப்பட்ட அவ்விடம், பரப்பில் நம் நாட்டின் மிகச் சிறிய வனங்களுள் ஒன்று. ஆயினும் யானைக்குப் போதும். தெற்கே பாணமையையும் தாண்டினால் 1938 முதல் பறவைகளின் காப்பிடமாயிருக்கும் குமணை வரும். அங்குள்ள வில்லு எனும் நீர்நிலையில் நாரையும் கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கதிர்காமப் பாதயாத்திரிகர் வருவர். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்ட அடியார்கள் பல வாரங்கள் நடந்து, பொத்துவிலைக் கடந்து, உகந்தை முருகனை வணங்கி, அதன் பின்னரே காட்டுக்குள் நுழைவர். கதிர்காமத்தில் முருகன் சந்நிதியை அடுத்துப் பள்ளிவாசலும் இருக்கிறது. சென் எமிலியோன் வழியாகச் சந்தியாகோவுக்கு நடந்தவர்களுக்கும் பொத்துவில் வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு யாது? களைத்த காலுக்கு வழியூரில் கிடைக்கும் ஒரு செம்பு நீரின் அருமையை இருவரும் அறிவர்.

ஐப்பசி பிறந்ததும் காட்சி மாறுகிறது. காற்றுத் திசை திரும்புகிறது. கடலிலிருந்து வரும் வாடை அலைகளைக் கலைத்துக் குழப்பிவிடும். பலகையுடன் வந்தவர்கள் மூட்டை கட்டுவர். உல்லையின் விடுதிகள் பல கதவடைத்துக்கொள்ளும். அந்நேரம் பாலத்துக்கு இப்பால் பொத்துவில் விழித்துக்கொள்கிறது.

இவ்வூர் வயல்களிற் பெரும்பகுதி மழையை நம்பியவை. 1949-ல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டம் சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் வாய்க்காலில் நீர் கொண்டுவந்தது. அவ்வாய்க்கால் பொத்துவில் வரை நீளவில்லை. ஆகவே வானம் திறந்தால்தான் இங்கே வட்டை நிறையும். கிழக்கில் பரந்த வயல்வெளியை வட்டை என்போம். வளர்ந்து நிற்கும் நெற்பயிரையே வேளாண்மை என்போம். பிற இடங்களில் ஒரு தொழிலின் பெயராக உள்ள சொல், இங்கே கண்முன் அசையும் பயிரின் பெயராகிவிட்டது. மார்கழியில் பச்சை, தையில் கதிர், மாசி, பங்குனியில் பொன். பொத்துவில் அழகிய ஊரா என்று கேட்பவர் அந்த நான்கு மாதங்களில் ஒரு நாள் வந்து, வரம்பின்மேல் நின்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.

வேளாண்மையைச் சுற்றி ஒரு தனி உலகமே இங்கு இருந்தது. நிலவுடைமையாளர் போடியார், வயலில் வேலையாட்களுக்குத் தலைவன் முல்லைக்காரன், நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர் வட்டவிதானை. வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து, களவெட்டியில் மாடுகளைப் பிணைத்து மிதிப்பித்த காலத்தில், அங்கே சில பொருள்களை வழக்கமான பெயரால் சொல்லாமல் வேறு பெயர் இட்டு வழங்குவார்கள். விளைச்சலைப் 'பொலி' என்பதில் ஒரு வாழ்த்தும் கலந்திருந்தது. பரணில் காவல் இருந்தவர் இரவில் பன்றியையும் யானையையும் விரட்டக் குரலெடுத்துப் பாடிய கவிகள் முஸ்லிம்களின் நாட்டார் இலக்கியமாயின. நிந்தவூர் எஸ். முத்துமீரான் அத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கி வைத்தமை நாம் செய்த பாக்கியம். இன்று வெட்டவும் அடிக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. நாட்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிகிறது. அது நல்லதே, முதுகு வளைந்து உழைத்தவனுக்கே அந்நன்மை தெரியும். ஆனால் களவெட்டிச் சொற்களைத் தெரிந்தவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

இனி, இந்த இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்நிய தேசத்தவர் வரும்போது வயல் காய்ந்து கிடக்கிறது. வயல் பச்சை பிடிக்கும்போது அவர்கள் போய்விடுகிறார்கள். சென் எமிலியோனில் அறுவடையும் விருந்தாளியும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றனர். இங்கே அவர்கள் சந்திப்பதே இல்லை. பத்து ஆண்டுகளாக உல்லைக்கு வந்து போகும் ஒருவர் பொத்துவில் வட்டையின் பச்சையை ஒரு தடவையேனும் காணாதிருக்கக் கூடும். அவர் மனத்தில் இவ்வூர் மணலும் வெயிலுமே. காலை உணவுக்கு அவர் முன் வைக்கப்படுவனவும் பெரும்பாலும் மேனாட்டுப் பண்டங்களே. பக்கத்து வயலின் அரிசியும், சட்டியில் உறைந்த எருமைத் தயிரும், உம்மாமார் அவிக்கும் வட்டிலப்பமும் அவர் மேசைக்கு எட்டுவது அருமை. காற்று வகுத்த இப்பிரிவினை ஊரின் உள்ளத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. வயல் என்பது தகப்பன்மாரின் தொழில்; குடா என்பது பிள்ளைகளின் தொழில். கச்சான் காலத்தில் சில மாதங்களில் கிடைக்கும் வருமானத்தைக் கண்ட இளைஞனுக்குச் சேற்றில் கால் வைக்க மனம் வருவது கடினமே.

அவனைக் குறை சொல்லி என்ன பயன்? ஆயினும் ஒன்றை அவனிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அலை தரும் வாழ்வு அலையைப் போன்றதே. 2004 டிசம்பர் 26-ம் திகதி கடல் பொங்கி வந்தபோது, நம் நாட்டில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே காலையில் மாண்டனர். உல்லையின் குடிசைகளும் விடுதிகளும் சிதைந்தன, பாலமும் சேதமுற்றது. நீர் வடிந்த பின்னர் மற்றோர் அச்சம் எழுந்தது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் விதித்தது. உல்லாசப் பிரயாணத்துக்கென அறுகம்பேயைப் புதிதாக அமைக்கும் திட்டம் ஒன்றும் 2005-ல் வெளியாயிற்று. தாம் வாடி போட்டு, வள்ளம் இழுத்த மணலை ஹோட்டல்கள் கொண்டுபோய்விடுமோ என்று மீனவர் அஞ்சி எதிர்த்து நின்றனர். கனேடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007-ல் வெளியிட்ட நூலில் இந்த மீனவரின் கதையைச் சொல்லி, அதனை உலகறியச் செய்தார். எல்லை விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அமெரிக்க உதவியுடன் புதிய பாலமும் எழுந்தது. வள்ளங்கள் இன்றும் அறுகம்பே மணலில் நிற்கின்றன.

2009-ல் போர் ஓய்ந்த பின் வருவோர் தொகை பெருகியது. ஆனால் 2019-ல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தது சித்திரையில், சரியாக அலைக்காலம் தொடங்கும் வேளையில். மறு ஆண்டு கொரோனா. 2024 ஒக்டோபர் 23-ம் திகதி, அறுகம்பேயில் தாக்குதல் நிகழக்கூடுமென்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்தது. தாக்குதல் ஏதும் நிகழவில்லை. எனினும் எச்சரிக்கை ஒன்றே வந்திருந்தவர்கள் பலரைப் பெட்டி கட்டச் செய்யப் போதுமாயிருந்தது. எங்கோ எழுதப்பட்ட ஒரு வரியால் இங்கே ஓர் உணவுக்கடையின் அடுப்பு அணைந்துபோகலாம் என்பதை ஊர் அன்று கண்டது.

வயல் மட்டும் என்றும் கைவிடாததோ என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. மழை பொய்த்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். 2021-ல் இரசாயனப் பசளைக்குத் திடீரென விதிக்கப்பட்ட தடை நாடெங்கும் நெல் விளைச்சலை எவ்வளவு குறைத்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவேதான் சொல்கிறோம்: கச்சான் கைவிட்ட ஆண்டில் வாடை காக்கும், வாடை கைவிட்ட ஆண்டில் கச்சான் காக்கும். இயற்கை இவ்வூருக்கு ஆண்டில் இரண்டு பிழைப்பைக் கொடுத்திருக்கிறது. ஒன்றின் மினுக்கில் மயங்கி மற்றதை விற்றுவிடும் குடும்பம், இரண்டு காலில் நின்றவன் தானே ஒரு காலை வெட்டிக்கொண்டதற்கு ஒப்பாகும். வயலை விற்ற பணத்தில் கட்டிய விடுதிக்கு ஆள் வராத ஆண்டில், அந்தக் குடும்பம் உலையில் போடும் அரிசியைக் கடையில் வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டையும் இணைத்து வைக்க வழி இல்லையா? உண்டு, அதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. மாசியில் அறுத்த நெல் ஆடியிலும் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தச் சிவப்பரிசிச் சோற்றையும், களப்பு மீனையும், தயிரையும் விடுதிக்காரர் தம் விருந்தாளிக்கு முதலில் பரிமாறலாம்; இது இன்னார் வட்டையில் விளைந்தது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வயலில் நிற்கும் தகப்பனிடம் கடையில் நிற்கும் மகனே நெல் வாங்குபவனாக வேண்டும். கொட்டுக்கல் களப்பில் மீனவர் தம் தோணியிலேயே பிரயாணிகளை ஏற்றிக் கண்டற் காடுகளைக் காட்டி வந்தது நல்ல முன்மாதிரி. தோணியும் பழையதே, துடுப்பும் பழையதே. வருவாய் மட்டும் புதிது. சென் எமிலியோன் ஊரார் செய்ததும் இவ்வளவுதான். தம் மண்ணில் விளைவதை வெட்கப்படாமல் வந்தவர் முன் வைத்தார்கள்.

நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பொத்துவிலுக்குப் போவதென்றால் நாமும் அலைக்காலத்தையே நினைக்கிறோம். அடுத்த தடவை தைப்பொங்கலை ஒட்டிய ஒரு வார இறுதியில் போய்ப் பாருங்கள். மழைக்கு ஒரு குடையும் சேற்றுக்கு ஏற்ற செருப்பும் போதும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும், சிறிது பொறுத்திருங்கள். நோன்பு மாதமாயின் பகலில் வெளியே உண்பதைத் தவிர்ப்பது மரியாதை. வரம்பில் எதிர்ப்படும் மூத்தவரைக் 'காக்கா' என்று அழைத்து, "வேளாண்மை எப்படி?" என்று கேளுங்கள். ஊரின் பெயரையும் அலையின் உயரத்தையும் கேட்பவர்களையே கண்டு பழகிய அவர், உங்களை ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு மழை வந்த நாளையும், யானை வந்த இரவையும், நெல்லின் விலையையும் அவரே சொல்லத் தொடங்குவார். பிள்ளைகள் அருகில் நின்று கேட்கட்டும். பூமிசாஸ்திரப் புத்தகத்தில் இரண்டு அம்புக்குறிகளாகக் காட்டப்படும் பருவக்காற்றுகள், ஒரு மனிதனின் அடுப்பு வரை எவ்வாறு வந்து சேருகின்றன என்பதை அவர்கள் அன்று கற்றுக்கொள்வார்கள்.

திரும்பும்போது பொத்துவிற் சந்தையில் ஐந்து கிலோ அரிசியும் ஒரு சட்டித் தயிரும் வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி சில நாளில் மூலையில் கிடக்கும். அரிசியோ, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் நீங்கள் கண்ட ஊரைப் பரிமாறும்.